பூஜ்ஜியம் கேபி

சனிக்கிழமை, மணி ஐந்து இருபது.
சம்பளக் கணக்கு திறக்கமாட்டேன் என்கிறது.
கறுப்புத் திரையில் நாற்பது வரி சிவப்பு.
முதல் வரிதான் சேதி,
மற்றதெல்லாம் அதன்கூட வந்த ஒறம்பரை:
தரவுதள டிரைவர் வகுப்பைக் காணோம்.

சென்னியப்பன் எட்டிப் பார்த்தார்.
கக்கத்தில் மஞ்சப்பை, உள்ளே பேங்கிலிருந்து வந்த கட்டுகள்.
"யாரைக் காணோமுங்?"
"டிரைவரைங்க."
"கீழ டீ குடிச்சிட்டு நிக்கறானே, வரச் சொல்லட்டா?"

சிரிக்க நேரமில்லை.
ராயபுரத்தில் இந்த ஒரு சந்தில் மட்டும்
ஓவர்லாக் சத்தம் அடங்கிக் கிடக்கிறது.
கைமடிக்கும் பெண்கள், செக்கிங் பெண்கள், அயர்ன்காரர்கள்
கேட்டுக்கும் சைக்கிள் ஸ்டாண்டுக்கும் நடுவே,
தலையில் இன்னும் பஞ்சோடு.
ஊத்துக்குளி பஸ் ஆறு பத்துக்கு.

நேற்று வரைக்கும் நல்லா ஓடுச்சு.
எல்லாப் பழுதும் இந்தப் பொய்யோடுதான் என்னிடம் வரும்.
இன்று அதைச் சொன்னது நானே.
நேற்று யாரும் அதை ஓட்டவே இல்லை.
வியாழக்கிழமைதான் பழைய மெஷினிலிருந்து
எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றினேன்.
பழையதின் விசிறியில் அடைந்த பஞ்சை எடுத்தால்
ஒரு குழந்தைக்குத் தலையணை தைக்கலாம்.

பாதையைப் பார்த்தேன். சரி.
பெயரை ஓரெழுத்து ஓரெழுத்தாய்ப் படித்தேன்,
புள்ளிக்குப் புள்ளி நின்று,
ரேஷன் கார்டில் பிழை திருத்த வந்தவள் மாதிரி. சரி.
தரவுதளம் அந்தப் பக்கம் விழித்துத்தான் இருக்கிறது,
கதவைத் தட்ட ஆளில்லாமல்.
ஜார்கள் இருக்கும் ஃபோல்டரைத் திறந்தேன்.
இருபத்து மூன்று. வேண்டியது பதினேழாவதாய்.
இருக்கிறதே!
அணைத்துப் போட்டேன். அதே சிவப்பு.
மறுபடி திறந்தேன். இருக்கிறது.
மூன்று தடவை பெயரைப் பார்த்துச் சமாதானமாகி மூடினேன்.
நான்காம் தடவை
கேட்டருகே யாரோ பிள்ளையை அதட்டிய சத்தத்துக்குத்
திரும்பிய கண்
வலப்பக்கத்துக் கட்டத்தில் தடுக்கியது:

பூஜ்ஜியம் கேபி.

வியாழன் பதினொன்றே காலுக்குக் கரண்ட் போனது.
பெயரை எழுதியாயிற்று, உள்ளே எதையும் இறக்கவில்லை.
திரும்பி வந்ததும் மரியாதையாகக் கேட்டது,
ஏற்கெனவே இருப்பவற்றை என்ன செய்ய?
விட்டுவிட்டு மேலே போ
என்று அழுத்திய விரல் இதுதான்.
ஜாவா அந்த வெறும் பெயரைத் தொட்டுப் பார்த்து
ஒன்றும் சொல்லாமல் தாண்டிப் போயிருக்கிறது.

பென் டிரைவோடு பேக்கிங் ரூமுக்கு ஓடி
அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் பழைய மெஷினை உசுப்பி
கனமுள்ள அதே பெயரைக் கொண்டுவந்து
இதன்மேல் போட்டேன். மாற்றவா? மாற்று.
ஐந்து ஐம்பத்திரண்டு.
திரை கொஞ்சம் யோசித்தது.
பிறகு பிரிண்டர் கொறிக்கத் தொடங்கியது,
இருநூற்றுப் பதினான்கு சீட்டு.

சென்னியப்பன் பெயர் கூப்பிட, கட்டுகள் பிரிந்தன.
எண்பத்தொன்பதாவது சீட்டு என் கையிலேயே நின்றது.
சுகதேவ் மாஜி, அயர்ன்.
பெயர் இருக்கிறது, வரிசையில் ஆளும் இருக்கிறான்.
ஆனால் என் கண் இப்போது தானாகவே வலப்பக்கம் போகிறது.
வேலை செய்த நாள்: பூஜ்ஜியம்.

"ஆறு நாளும் என்ற டேபிள்லதானுங் நின்னான்"
என்றார் தண்டபாணி மாஸ்டர்.
பையனின் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தேன்.
இஸ்திரிச் சூட்டில் ரேகை மழுங்கி
நெகம் வரைக்கும் வழவழவென்றிருந்தது.
வாசல் மெஷின் தினமும் காலையில்
தொட்டுப் பார்த்துத் தாண்டிப் போயிருக்கிறது.
"இவனுக்கும் கரண்டு போயிருச்சாட்ட இருக்குது"
என்றார் சென்னியப்பன்.
சொன்ன பிறகு அவரே சிரிக்கவில்லை.

ஆறு என்று கையால் அடித்தேன்.
ஏற்கவில்லை.
அங்கே யாரும் கையால் அடிக்கக் கூடாதென்று
போன வருசம் பூட்டு போட்டவளும் நான்தான்.
திறக்க நாலு நிமிடம்.

ஊத்துக்குளி பஸ் போய்விட்டது.
அடுத்தது நெம்ப நேரம் ஆகும், கூட்டமாயிருக்கும்.
திரையின் அடியில் மஞ்சள் எழுத்தில்
வேறேதோ ஓர் எச்சரிக்கை.
படித்தேன்.
திங்கட்கிழமை.