புதுமைக் கட்டணம்

ஷார்ஜா, ரோலாவுக்குப் பின்சந்து.
டைப்பிங் சென்டரில் டோக்கன் நாற்பத்தேழு.
ஏசிக் காற்று நேரே பிடரியில் விழும் நாற்காலி
ஒன்றுதான் காலி.
மடியில் பிளாஸ்டிக் உறை, உள்ளே நம் கல்யாணச் சான்றிதழ்.
பின்பக்கம் முழுக்கச் சென்னை முத்திரை, டெல்லி முத்திரை,
தூதரகத்தின் வில்லை, அதன்மேல் இன்னொரு வில்லை.
முன்பக்கத்தில் நாம் இருக்கிறோம்.
பின்பக்கத்தைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள்.

கண்ணூர்க்காரி சஜினா திரையை விட்டுக் கண் எடுக்காமல்
"ஸ்பான்சர் பேரு?" என்றாள்.
மெல்பா.
"அது வைஃபின்டே பேரல்லே சேச்சி, ஸ்பான்சர்?"
நான்தான்.
விரல்கள் நின்றன. நிமிர்ந்தாள்.
பக்கத்து நாற்காலித் தாடிக்காரரும் நிமிர்ந்தார்.
"அப்போ சம்பள லெட்டர் புதுசு வேணும்,
ஒரு மாசம் தாண்டக்கூடாது."
போன புதன்கிழமை தேதியிட்டதை எடுத்து வைத்தேன்.

கட்டணங்கள் ஒன்றின்கீழ் ஒன்றாய் இறங்கின.
கோப்பு திறக்க. நுழைவு அனுமதிக்கு. சஜினாவின் கூலி.
அவசரம் என்றால் இன்னும் நூறு.
"அவசரமா?"
மூன்று வருஷத்தில் எழுபத்தோரு நாள்
ஒரே கூரையில் இருந்திருக்கிறோம்.
அதில் ஒன்பது நாள் உனக்கு டெங்கு.
இது அவசரத்தில் சேருமா என்று தெரியவில்லை.
சாதாரணம் போதும் என்றேன்.

அடியில் சின்ன எழுத்தில் இரண்டு வரி:
அறிவுக் கட்டணம் பத்து திர்ஹம்,
புதுமைக் கட்டணம் பத்து திர்ஹம்.
அறிவைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை.
புதுமைக்கு வாங்குவது நியாயம்தான்.
நம் கல்யாணத்துக்கு இன்னும்
பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்கவில்லை.

கார்டு ஒருமுறை மறுத்தது. மறுபடியும்.
பாதி கார்டில், பாதி ரொக்கமாக என்று முடிவாயிற்று.
ரொக்கம் எது தெரியுமா,
போன வாரம் தங்கக் கடைத் தராசில் வைத்த
இரண்டு வளையலின் மிச்சம்.
உன் வீட்டில் கேட்டு என் அப்பா போட்ட
நாற்பது பவுனில் சேர்ந்தவை.
ஆக, ரெமிஜியுஸ்,
ஒரே மாப்பிள்ளையை எங்கள் வீடு
இரண்டு தடவை வாங்கியிருக்கிறது.
இதை உன்னிடம் சொல்லமாட்டேன்.
சொன்னால் சிரிப்பாய்,
சிரித்துவிட்டு ராத்திரி தூங்கமாட்டாய்.

ரசீது வந்தபிறகுதான் பார்த்தோம்.
பாஸ்போர்ட்டில் உன் பேருக்கு நடுவே ஜி,
சான்றிதழில் ஜே.
பங்கு ஆபீசில் எழுதியவர்
காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார்.
அதற்கு ஓர் உறுதிமொழி, அதற்கும் ஒரு கட்டணம்.
"மேற்சொன்ன இருவரும் ஒருவரே" என்ற வரிக்குக் கீழே
கையெழுத்துப் போட்டேன்.
பீடத்துக்கு முன்னால் நின்று சொன்னதைவிட
இது தெளிவாக இருந்தது.

ராத்திரி போனில் கேட்டாய், எவ்வளவு ஆச்சு?
பாதியைச் சொன்னேன்.
தூத்துக்குடி ஹார்பரில் நாளெல்லாம்
அடுத்தவர் கன்டெய்னருக்குப் பணம் கட்டுகிற ஆள் நீ.
"டெமரேஜ் சேத்தா, சேக்காமலா?" என்றாய்.
"மூணு வருஷம் யார்டுல வெயில்ல கெடந்த சரக்கு,
பாத்து எறக்கு."

அனுமதி வந்து, நீயும் வந்து இறங்கினால்
முதல் வாரமே ரத்தப் பரிசோதனை.
எங்கள் சென்டருக்குத்தான் அனுப்புவார்கள்.
ஒரு ஷிஃப்டில் நூற்றிருபது கை பார்க்கிறேன்,
சிமென்ட் காய்ந்த கை, மருதாணிக் கை,
நடுக்கத்தை மறைக்க முஷ்டி மடக்கிய கை.
முகம் பார்ப்பது குறைவு.
ஊசி என்றால் நீ ஜன்னல் பக்கம் திரும்புவாய்.
எங்கள் அறையில் ஜன்னல் கிடையாது,
கை கழுவும் முறையைப் பற்றி ஒரு போஸ்டர்தான்.

அன்றைக்கு லீவு போடலாமா என்றும் யோசித்தேன்.
வேண்டாம். மூன்றாம் மேஜையில் இருப்பேன்.
உன் டோக்கன் எனக்கு விழுந்தால்
எல்லாரிடமும் கேட்பதைத்தான் கேட்பேன்.
எந்தக் கை. சாப்பிட்டீர்களா.
பேரை எழுத்து எழுத்தாகச் சொல்லுங்கள்.

ஜி என்று சொல்.