பஞ்சர்

பிறை கிடங்கில் அதுவாகவே ஏறியது.
கெலிண்டான் சீட்டு காலியாகத்தான் கிடந்தது.
கறுப்பாச்சே என்று 'கீச்சாப்' என்றேன்;
திரும்பவில்லை.
சரி, அதுதான் பேர் என்று முடிவானது.

ஜொகூர் வரை எழுநூறு கிலோமீட்டர்.
ஏர்கோன் காற்றுக்கு முதுகு கொடுத்துத் தூங்கும்.
பிரேக் அடித்தால் மட்டும்
என்னை ஒரு பார்வை.

நேற்று ஜூருவில் நிறுத்தியதும்
இறங்கிப் போனது.
பின்னால் இருபது டன் உறைந்த இறால்.
ஒரு மணி நேரம். ஒன்றரை.
சூப்பர்வைசர் லிங்கேசன் போனில்:
"எங்கய்யா இருக்க?"
"டயர் பஞ்சர்."
பத்தொன்பது வருஷ லோரியில்
முதல் பொய்.

நாசி கண்டார் கடைப் பக்கமிருந்து
மெதுவாக வந்தது,
மீசையில் யார் வீட்டு மீன்குழம்போ.
ஏறி உட்கார்ந்து
முன்கண்ணாடியைப் பார்த்தது,
இன்னும் கிளம்பலையா
என்பதுபோல.