வெட்டு இல்லாத நாள்

உடம்பு தெளிந்த ஒரு திங்கட்கிழமையை நம்பி
திரைச்சீலை துவைத்தேன், தலைக்குக் குளித்தேன்,
குலசேகரம் சந்தைவரை நடந்தே போய்
அயிலை வாங்கி வந்தேன்.
கழுவ முடியவில்லை.
வியாழன்வரை கட்டில்.
சுவிட்சுக்கும் கைக்கும் நடுவில்
ஒரு மலைப்பாதை.

டாக்டர் நீளமாய் ஏதோ எழுதினார்.
வீட்டில் அதற்குச் சீணம் என்றுதான் பேர்,
சில நாள் மடி என்றும்.

வேலியோரம் தபசிமுத்து
சும்மா பீடி குடித்துக்கொண்டிருந்தார்.
"இண்ணைக்கு வெட்டு இல்லியா?"
"நேத்து வெட்டின மரமாக்கும்."
ரப்பர் மரங்களில்
சிரட்டைகள் கவிழ்ந்திருந்தன.
மரத்தை யாரும் ஏசவில்லை.

இன்று முக்காலியில் இருந்து
ஐந்து உள்ளி உரித்தேன்.
ஆறாவதற்கும் தெம்பு இருக்கிறது.
அந்தத் தெம்போடு
போய்ப் படுக்கிறேன்.