சன்னல் எண் இரண்டு

பெயரைச் சொன்னார்: ஆர்வோ பெல்டோலா.
பிறந்த தேதியையும் சொன்னார், கேட்காமலே.
தம்பியாம்.
தோளில் விழுந்த பனி இன்னும் கரையவில்லை.

பெயர் இருந்தது.
மூன்றாம் மாடி, அறை பன்னிரண்டு.
ஸ்கேன் செய்த படிவத்தின் அடியில் ஒரு கட்டம்,
அதற்குள் நடுங்கும் கை போட்ட நீல மைக் குறி:
நான் இங்கே இருப்பதை யாருக்கும் சொல்ல வேண்டாம்.

திரையிலிருந்து முகத்தை மெல்ல எடுத்தேன்.
இந்த வேலையில் முதலில் பழக்க வேண்டியது முகத்தை.
"அந்தப் பெயரில் ஒருவர் இருக்கிறார் என்றோ
இல்லை என்றோ என்னால் சொல்ல முடியாது, ஐயா."
இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சொல்கிறேன்.
'என்றோ'வில் இன்னமும் நாக்கு தடுக்குகிறது.

கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபம்.
கோபத்துக்கென்று ஒரு தொலைபேசி எண் வைத்திருக்கிறோம்.
அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.
செய்தித்தாளில் சுற்றிய பொட்டலமொன்றை
கண்ணாடிக்குக் கீழே தள்ளினார்.
"வெண்மீன். ஏரியில் பிடித்து, மேப்பிள் புகையில் போட்டது.
அவன் இருந்தால் அவனுக்கு.
இல்லையென்றால் நீங்கள் சாப்பிடுங்கள்."

வாங்கினேன் என்றால் ஆம் என்றாகாது.
இல்லை என்றும் ஆகாது.
நாற்பது மைல் பனியில் வண்டி ஓட்டிக்கொண்டே
யோசித்திருக்க வேண்டும் மனிதர்.
எங்கள் வக்கீல்கள் ஆறு மாதம் கூடி எழுதிய விதியில்
ஒரு மீன் நுழையும் அளவுக்குச் சந்து.

(பரிசு வாங்கக் கூடாது என்று இன்னொரு விதி உண்டு.
அது வேறு அலமாரி.)

சொல்லக் கூடியவையும் உண்டு, நினைக்க வேண்டாம்
நாங்கள் வெறும் பூட்டு என்று.
குழந்தைக்குக் கக்குவான் என்றால்
மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு அன்றே தெரிவிப்போம்.
போன மார்ச்சில் காணாமல் போன ஒருவரைத் தேடி
ஷெரிஃபின் ஆள் இதே சன்னலில் நின்றார்.
உயரம் கொடுத்தேன், இரத்த வகை கொடுத்தேன்,
இடது முன்கையில் குத்திய நங்கூரத்தைக் கொடுத்தேன்.
பல் வரிசையைக் கேட்டார், கொடுக்கவில்லை.
பச்சை குத்தியது வேலிக்கு இந்தப் பக்கம்,
பல் அந்தப் பக்கம்.
வேலி போட்டவர்களுக்குக் காரணம் இருந்திருக்கும்.
நான் வேலியின் ஆள்.

ஆர்வோவுக்கு என்ன நோய் என்று நான் பார்க்கவில்லை.
பார்த்தால் பார்த்த நேரமும் என் பெயரும் பதிவாகும்,
ஆனால் பார்க்காததற்குக் காரணம் அதுவல்ல.
சனிக்கிழமை கூட்டுறவுக் கடையில்
அவர் மனைவி எனக்கு முன்னால் வரிசையில் நிற்பாள்.
வெறும் முட்டை விலை பேச எனக்கு வர வேண்டும்.

ஐந்து மணிக்கு மேலே போனேன்.
மீன் சாப்பிடலாமா என்று தாதியிடம் கேட்டேன்,
எதையாவது சாப்பிட்டால் சரி என்றாள்.
அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.
அவரைத் தேடி வந்ததை அவரிடமே சொல்ல
எந்த விதியும் தடுக்கவில்லை.
"உங்களைக் கேட்டு ஒருவர் வந்தார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை."

செய்தித்தாளைப் பிரித்தார். மோந்தார்.
"வில்ஹோ" என்றார்.
இரண்டு துண்டு தின்றார், மூன்றாவதில் பாதி.
"கழுதை, என்றைக்கும் உப்பு ஜாஸ்தி."
கண் ஓரத்தைப் புறங்கையால் துடைத்தார்.
உப்புதான் என்று வைத்துக்கொள்வோம்.

படிவத்தை மாற்ற வேண்டுமா என்று கேட்டேன்.
பேனாவையும் நீட்டினேன்.
வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு
முள்ளை வரிசையாகத் தட்டின் ஓரத்தில் அடுக்கினார்.

மறுநாள் பனி நின்றிருந்தது.
பதினோரு மணிக்குச் சன்னலில் அதே தொப்பி.
பெயர் சொல்லவில்லை, எதுவும் கேட்கவில்லை.
நான் முகத்தைப் பத்திரமாக வைத்திருந்தேன்,
சத்தியமாக, ஒரு தசை அசையவில்லை.
என் கைகளில் மட்டும் சோப்புக்கு மிஞ்சிய புகை வாடை.

பொட்டலத்தைக் கண்ணாடிக்குக் கீழே தள்ளினார்.
"யார் சாப்பிடுகிறார்களோ, இருக்கட்டும்.
இந்தத் தடவை உப்பைக் குறைத்திருக்கிறேன்."