பானை குறையாத நாட்கள்

பெகுவிலிருந்து வாவு போகும் சாலையில்
பதினோராம் மைல்கல்.
அறுப்பு முடிந்த வயல் இரண்டு பக்கமும்
வழித்தெடுத்த தட்டாகக் கிடக்கிறது.
மரம் என்று ஒன்று இருந்தால் அது
தூரத்துப் பகோடாவின் பின்னால் இருக்கிறது.
சித்திரைக்கு இன்னும் ஒன்பது நாள்.
வெயில் காத்திருக்கவில்லை.

கூலிப் பட்டியலில் நான் மா சோ.
வீட்டில் பொன்னுருவி.
எந்தப் பெயரில் கூப்பிட்டாலும்
தலையில் இருப்பது அதே ஜல்லிக் கூடை.

மேஸ்திரி கோ தான் நைங் நல்லவர்.
காலையிலேயே இரண்டு மண்பானை இறக்கி
ஈரச் சாக்குச் சுற்றி
மூடிமேல் அலுமினியக் குவளை கவிழ்த்து வைப்பார்.
யே தௌ, யே தௌ என்று கத்துவார்.
தாகம் எடுக்கட்டும் என்று இருக்காதீர்கள்,
உப்பும் கருப்பட்டியும் போட்டிருக்கிறது,
குடியுங்கள்.

ஆண்கள் குடிப்பார்கள்.
குடித்துவிட்டு
சாலைச் சரிவில் நாலடி இறங்கி
எங்களுக்கு முதுகு காட்டிக் குந்துவார்கள்.
அவ்வளவுதான் அவர்கள் விஷயம்.

நாங்கள் ஏழு பெண்கள்.
குவளையை உதட்டில் வைத்து
நனைத்துக்கொண்டு அடுத்தவளிடம் கொடுத்துவிடுவோம்.
காலை ஆறு மணிக்கு லாரி ஏறினால்
இருட்டிய பிறகுதான் வீட்டுப் படல்.
நடுவில் பதின்மூன்று மணி நேரம்.
நடுவில் இந்த வயல்,
ஒதுங்க ஒரு எருக்கஞ்செடிகூட இல்லாமல்.

சாயங்காலம் பானையை ஆட்டிப் பார்த்து
கோ தான் நைங் தலையைச் சொறிவார்.
தண்ணீரில் ஏதாவது வாடையா?
இல்லை என்போம்.
உப்பு கூடிவிட்டதா?
இல்லை.
சிரிப்போம். வேறு என்ன செய்வது.

இரவு வீட்டில் போய் உட்கார்ந்தால்
நாலு சொட்டு, எரிந்துகொண்டு,
காய்ந்த தேயிலைச் சாயம்போல் இறங்கும்.
மா ந்யோ அதைத் தார் என்பாள்.
"எனக்கும் தார் கொதிக்குது" என்றால்
ஏழு பேருக்கும் புரியும்.

வியாழக்கிழமை ராக்காயிக்கு
வேர்வை நின்றுபோனது.
யாரும் கவனிக்கவில்லை.
கன்னத்தில் விடியலில் பூசிய தனாக்கா
மதியம்வரை கரையாமல்
வெடித்த குளத்துத் தரையாக ஒட்டியிருந்தது.
எத்தனையாவது கூடை என்று கேட்டதற்குத்
தன் பிள்ளையின் பெயரைச் சொன்னாள்.
பிறகு கூடையை மெதுவாக,
முட்டை இருப்பதுபோல, இறக்கி வைத்துவிட்டுப்
பக்கத்தில் தானும் சாய்ந்தாள்.

லாரிக்கு அடியில்தான் நிழல்.
இழுத்துப் போட்டோம்.
கழுத்திலும் அக்குளிலும் ஈரச் சாக்கு,
விசிறுவதற்கு ஒரு அட்டைப்பெட்டியின் மூடி.
கண் திறந்ததும் மேஸ்திரி குவளையை நீட்டினார்.
அவள் வாயை இறுக்கிக்கொண்டாள்.
ஊர் திரும்பவில்லை, நாள் திரும்பவில்லை,
அந்தப் பயம் மட்டும் திரும்பியிருந்தது.
"குடிச்சா எங்க போவேன்?"

தமிழில்தான் சொன்னாள்.
கோ தான் நைங் என்னைப் பார்த்தார்.
நான் கொஞ்சம் திணறினேன்,
பர்மியில் வார்த்தை தெரியாமல் இல்லை.
சொன்னேன்.
அவர் காது சிவந்தது.
பானையைப் பார்த்தார், வயலைப் பார்த்தார்,
மறுபடியும் பானை.

மறுநாள் லாரியில் நான்கு மூங்கில் கிடந்தன.
துணி இல்லை. அதை மறந்திருந்தார்.
மாற்றுக் கைலிகளை எடுத்தோம்.
கைலி குழாய்தானே,
இரண்டு மூங்கிலில் மாட்டி இழுத்தால் சுவர்.
ஒன்று பச்சைக் கட்டம், ஒன்று பூப்போட்டது,
சாயம் போன ஒன்று
படுத்திருந்த ராக்காயி கொடுத்தனுப்பியது.
காற்று அடித்தால் பிடித்துக்கொள்ள
வெளியே ஒருத்தி.

நான் முதலில் குடித்தேன்.
ஒரு குவளை, நிறுத்தாமல்.
இன்னொன்று.
கருப்பட்டி அடியில் தங்கும் போலிருக்கிறது,
இத்தனை நாள் எனக்கு உப்புதான் தெரியும்.

இரண்டு மணிக்கு மா ந்யோ
பானைக்குள் தலையை விட்டுக் கூவினாள்.
பானை திருப்பிக் கூவியது.
மேஸ்திரி சைக்கிளை எடுத்தார்,
இரண்டு பக்கமும் டப்பா தொங்க,
கிணறு இரண்டு மைல் என்று
முணுமுணுத்துக்கொண்டே.