இருபது லிட்டர்

ஆஸ்ட்ராவாவில் அன்று மைனஸ் பதினொன்று.
டிராம் ஓட்டிய சீருடையோடு
கடைக்குள் வந்தாள் வெண்டுலா.
"மீன் வேண்டாம்.
மீன் எல்லாரிடமும் இருக்கிறது."

ஆக்சலாட்டலைக் காட்டினாள்.
ஹ்ருஷ்கா உதட்டைப் பிதுக்கினார்:
"முழங்கை நீளம் வளரும்.
உன் தொட்டி அதற்குச் சட்டைப்பை."
நண்டு?
"மூடி சரியில்லையென்றால்
காலையில் செருப்புக்குள் தேடு."
குள்ளத் தவளை?
"ஹீட்டர் இருக்கிறதா?"
"அறைக்கா, தண்ணீருக்கா?" என்றாள்.
அவர் சிரிக்கவில்லை.

கடைசியில் ஆறு செர்ரி இறால்கள்,
ஒரு கைப்பிடி பாசி.
பையைக் கோட்டுக்குள் விலாவோடு அணைத்து
நான்கு நிறுத்தமும் நின்றே வந்தாள்,
இருக்கைகள் காலியாய்க் கிடந்தும்.

ஒன்பதாம் நாள்
சரளைமேல் ஓர் இறால்,
மீசைவரை கண்ணாடி, அசைவில்லை.
மிச்சத்தை எண்ணினாள்:
ஆறு.
விரல் வைத்து மறுபடி எண்ணினாள்.
ஆறுதான்.
கழற்றிப்போட்ட சட்டையை
அதற்குரியதே வந்து
கொறிக்கத் தொடங்கியது.

இப்போது
பாசியில் ஒட்டி வந்த ஏதோ ஒன்று,
காசு கொடுக்காதது, கடுகளவு,
கண்ணாடியில் ஏறிக்கொண்டிருக்கிறது.
கொம்பா, காலா தெரியவில்லை.

விடியலின் முதல் டிராம் அவளுடையது.
விளக்கு இன்னும் எரிகிறது.