நாற்பத்தாறு, கீழ் வலது

பாறசாலையில் கேரள வண்டி பிடித்து
களியக்காவிளையில் இறங்கி
மீன்சந்தை வழியாக நடந்து வருவாள் சரோஜம்.
எங்கள் கல்லூரியில் வேர்சிகிச்சை இனாம்,
எக்ஸ்ரேவுக்கு மட்டும் படத்துக்கு முப்பது ரூபாய்.
அதையும் நானும் பெர்ஜினும் பங்குபோட்டுக் கட்டினோம்.
கருணை என்று யாரும் நினைக்க வேண்டாம்.
தேர்வுக்குள் ஐந்து கடைவாய்ப்பல் முடித்தாக வேண்டும்,
எனக்கு அவள் நாலாவது.

முதல் படம் நன்றாகவே வந்தது:
பல்லின் தலையில் பள்ளம், கீழே இரண்டு வேர்,
பின்வேரின் நுனியில் பட்டாணி அளவு இருட்டு.

இரண்டாம் நாள்
பல்லைச் சுற்றி மாட்டும் ரப்பர் விரிப்பை
வாங்கி முகர்ந்து பார்த்தாள்.
"எங்க வீட்டு அசையில தொங்குத ஷீட்டுக்க மணம்."
அதோடு வாயைப் பூட்டினோம்.

ஃபைலை இறக்கினேன். இருபது. இருபதரை.
நுனிக்கு ஒரு மில்லிமீட்டர் முன்பே நில் என்கிறது பாடம்.
தாண்டினால் எலும்பு,
குறைந்தால் உள்ளே அழுகல் மிச்சம்.
கைக்கு ஒன்றும் தெரிவதில்லை.
அங்கிப் பையில் போன் அதிர்ந்தது:
கேரளத்துக்கு நல்வரவு.
இந்த முக்காலியை விட்டு எழாமலே
நாளைக்கு ஏழெட்டுத் தடவை எல்லை தாண்டுகிறேன்,
போன் சொன்னால்தான் தெரியும்.

படம் பிடிக்கும் ஹோல்டரை ஜூனியர்கள் கொண்டுபோயிருந்தார்கள்.
அவள் இடக்கை ஆள்காட்டி விரலை
விரிப்புக்கு அடியில் நுழைத்து
படத்தின் மேல் வைத்தேன்.
"அழுத்திப் பிடிச்சுக்கிடுங்க. அனங்கப்பிடாது."
மார்பில் ஈயக் கவசம்.
கன்னத்தருகே குழாய்.
நாங்கள் இருவரும் சுவருக்குப் பின்னால்.
பொத்தான்.
ஒரு சின்ன கீச்.

இருட்டறை, சிவப்பு பல்பு.
பெர்ஜின் விநாடி எண்ண
மருந்துத் தண்ணீருக்குள் முதலில் ஃபைல்,
வெள்ளைக் கம்பியாக.
அப்புறம் பல்.
அப்புறம் பல்லின் மேல் குறுக்காக
இன்னொரு எலும்பு.

"அய்யோ, விரலுல்லா விழுந்திருக்கு!"
வேர்நுனி மறைந்துவிட்டது.
இந்தப் பிழைக்குப் புத்தகத்தில் நீளமாக ஒரு பெயர் உண்டு,
ஒரு மார்க் கேள்வி.
நான் விரலையே பார்த்தேன்.
நடு எலும்பு நேராக இல்லை.
சரிந்து, ஒட்டி,
ஒட்டிய இடம் கயிற்று முடிச்சாய்த் தடித்து.

சொட்டும் படத்தோடு அவளிடம் போய்
யோசிக்காமல் கேட்டுவிட்டேன்,
இது எப்படி ஒடிஞ்சுது?
வாயில் கிளாம்ப், விரிப்பு, எச்சில் உறிஞ்சும் குழாய்.
பதில் சொல்ல முடியாத நேரமாகப் பார்த்துக் கேட்பது
எங்கள் தொழிலுக்கே உள்ள பழக்கம்.
அவள் படத்தை அண்ணாந்து பார்த்தாள்.
கையை நீட்டினாள்.
ஈரமா இருக்கு என்றேன்.
நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

விரலை ஓரத்துக்குத் தள்ளி மறுபடி எடுத்தோம்.
இருபதரை சரிதான்.

வாய் கொப்பளித்து நிமிர்ந்தவள்
பல்லைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
"ஒடியல்ல, சுளுக்குதான்னு சொல்லி
எண்ணெ தேச்சு விட்டாரு.
எட்டு வருசமாச்சு.
கதவுக்க எடையில கையி போச்சுன்னு
நானும் எல்லார்ட்டயும் சொன்னேன்."
டவலால் உதட்டோரம் துடைத்தாள். மரத்த பக்கத்தில்
இன்னும் கொஞ்சம் வழிந்தது.
"அந்தப் படத்த எனக்குத் தருவியா மக்களே?"

உலர்த்தி உறையில் போட்டுக் கொடுத்தேன்.
பர்ஸில் வைக்கவில்லை, ஜாக்கெட்டுக்குள்
பணம் வைக்கும் இடத்தில் வைத்தாள்.
ஐந்தரை வண்டிக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பின்னும் இரண்டு முறை வந்தாள்.
குட்டாபெர்ச்சா வைத்துப் பார்த்த படம்,
அடைத்து முடித்த படம்.
விரலை இருவரும் பேசவில்லை.

பதிவேட்டில் நாலு படம் ஒட்டினேன்.
இருட்டறைக் கணக்கில் ஐந்து.
"ஒண்ணு எங்க?" என்றார் சார்.
"கறுத்துப் போச்சு சார். எறிஞ்சிட்டேன்."
பேனாவைத் திறந்தவர்
கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.
பையில் போன் அதிர்ந்தது.